நிறை மாறாமையும் சற்காரியவாதமும்

இல்லாததொன்று காரியமாய்த் தோன்றுமாறில்லை யென்பதும், உள்ளதொன்று முழுநாசம் எய்துமாறில்லை யென்பதும் சற்காரியவாதத்தின் இரு முகங்களாம். சாங்கியரும் சைவசித்தாந்திகளும் இதனைத் தத்தம் நெறிக்கேற்பத் தழுவினர். இரசாயன மாறுதலிற் புகும் பொருள்களின் மொத்த நிறையும், அம்மாறுதலினின்று வெளிப்படும் பொருள்களின் மொத்த நிறையும் ஒன்றேயென மேனாட்டார் நிறுவிய விதியை இக்கொள்கையோடு ஒன்றாக்கி, முன்னோர் கண்டதையே பின்னோர் துலாக்கோலிட்டு அளந்தனர் என முடிவு கட்டுதல் மேடைகளினும் நூன்முகங்களினும் வழக்காயிற்று.

இவ்வழக்கிற்குப் பெருமதிப்புத் தேடித்தந்தவர் வங்கத்துப் பேரறிஞர் பிரசேந்திரநாத சீலர். ஆசாரிய பிரபுல்ல சந்திர ராயர் இயற்றிய இந்து இரசாயன வரலாற்றின் இரண்டாம் பகுதியிலும் (1909), பின்னர்ப் பண்டை இந்துக்களின் இயற்கை விஞ்ஞானங்களைப் பற்றித் தாமே வெளியிட்ட தனிநூலிலும் (1915) அவர் சாங்கியத்தின் தமோகுணத்தை நிறையென்றும், இரசோகுணத்தை ஆற்றலென்றும் பொருள்கொண்டார். வெளிப்பட்டு நிற்பதையும் வெளிப்படாது நிற்பதையும் கூட்டி நோக்குமிடத்து இவ்விரண்டின் தொகையும் குறைவதும் மிகுவதும் இல்லையென்பதே சாங்கியர் துணிபு என்பது அவர் கூற்று. சீலர் சாத்திரமும் விஞ்ஞானமும் ஒருங்கு கற்றவர். அவர்பின் வந்தார் பலர் இரண்டனுள் ஒன்றைக் கேள்வியளவில் அறிந்தவர். ஆதலின் அவர் தயங்கிக் கூறியதும் இவர் வாயில் ஐயமற்ற முடிபாயிற்று.

ஒப்புமை பொய்யாயின் அதனால் வருங் கேடென்னை யெனின், கூறுதும். செங்கற்பட்டு மாவட்டத்துப் பள்ளியொன்றிற் பயிலும் மாணாக்கன் நிறை மாறா விதியை வகுப்பறையிற் கற்கின்றான். அவன் ஊர்க்குக் கிழக்கே, மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கடலோரத்துக் கல்பாக்கத்தில் அணுவைப் பிளக்குமிடத்து நிறை குறைகின்ற தென்பதனையும் அவனே கேட்கின்றான். சற்காரியமாவது இவ்விதியே யென்று போதிக்கப்பட்ட ஒருவன், விதி வழுவிற்றெனக் கேட்ட அன்றே சற்காரியமும் வழுவிற்றெனக் கொள்வானாயின், அப்பிழை அவனுடையதன்று. கொள்கைக்குப் பொருந்தா முட்டுக்கால் கொடுத்தாருடையதே யாம். ஆதலின் விதி யாது, கொள்கை யாது, இரண்டும் எவ்விடத்து அணுகுகின்றன, எவ்விடத்துப் பிரிகின்றன என்பன தனித்தனி ஆராயற்பாலன.

முதற்கண் விதியை நோக்குவாம் என்பார்க்குக் கல்பாக்கத்தையடுத்த சதுரங்கப்பட்டினமே போதிய சான்று தரும். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் எடுத்த செங்கற்கோட்டை ஆண்டு இடிந்தும் இடியாதும் நிற்கின்றது. இக்கரையிற் கட்டடத்திற்குக் கிளிஞ்சலைக் காளவாயிலிட்டுச் சுட்டு, நீற்றி, மணலொடு குழைத்துக் கொள்ளுதல் பழைய தொழில். நூறு பலம் தூய கிளிஞ்சற் பொருளைச் சுட்டால் எஞ்சுவது 56 பலமே. சுடுவோன் பொருளிற் பாதியளவு தீயில் மாய்ந்ததென்று கருதினும் குற்றமில்லை; அவன் கண்ட தவ்வளவே. சுட்டதன்மேல் நீர் தெளித்து நீற்றுமிடத்து 18 பலம் நீரை அஃது உண்டு 74 பலமாகும். சாந்தாகிச் சுவரிலேறிய பின்னர், ஆண்டுகள் பல கழியுந்தோறும், காற்றிலுள்ள கரியமில வாயுவை 44 பலம் ஏற்று, முன்னுண்ட 18 பலம் நீரை விடுத்து, மீண்டும் நூறு பலமாய்க் கல்லாகின்றது. காளவாயிற் போனதும் சுவரில் வந்ததும் ஒரேயளவின. கிளிஞ்சல் தன் பழைய நிறையையும் பழைய இயல்பையும் ஒருங்கே மீளப்பெறும் இவ்வட்டம், நிறை மாறாமையை விளக்கும் எடுத்துக்காட்டுக்களுள் மிக அழகியது.

ஆயினும் இவ்வட்டத்தைக் கண்ணாற் கண்டு வாழ்ந்த கொற்றரும் சுண்ணாம்பு சுடுவாரும் விதியைக் கண்டிலர். என்னை? காளவாயின் வாய் திறந்திருந்தது. போனதைப் பிடித்து நிறுத்தவர் இலர். ஸ்காத்லாந்தினராகிய ஜோசப் பிளாக் என்பார் 1756இல் வெளியிட்ட ஆராய்ச்சியிற்றான், சுண்ணாம்புக்கல்லும் அதனையொத்த பொருள்களும் சுடுங்கால் இழப்பது ஒருவகைக் காற்றே யென்பது நிறையளவாற் காட்டப்பட்டது. பாயில் என்பார் 1673இல் உலோகத்தை மூடிய கலத்திற் சுட்டார்; ஆனால் நிறுப்பதற்கு முன்னரே கலத்தைத் திறந்துவிட்டார். உட்புகுந்த காற்றைக் கணக்கிடாது, தீயின் நுண்துகள்கள் கண்ணாடியை ஊடுருவி உலோகத்தில் ஏறினவென்று கருதினார். நூறாண்டு கழித்து, 1774இல் இலவாசியர் வெள்ளீயத்தை அங்ஙனமே சுட்டு, திறவாமலே நிறுத்தார்; நிறை மாறவில்லை. பின்னர்த் திறந்தார், காற்று உட்புகும் ஓசையெழுந்தது, நிறை ஏறிற்று. இரண்டு சோதனைக்கும் உள்ள வேறுபாடு மூடியைத் திறக்குங் காலம் ஒன்றே. இலவாசியர் 1789இல் வெளியிட்ட இரசாயன நூலில் இவ்விதி எல்லா மாறுதற்கும் பொதுவாக வைக்கப்பட்டது. லாண்டோல்ட் என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி 1908 வரை அடைத்த கண்ணாடிக் கலங்களிற் பொருள்களைக் கலந்து கலந்து நிறுத்து, துலாக்கோலின் பிழையெல்லைக்கு அப்பால் வேறுபாடு யாதுமில்லை யெனக் கண்டார்.

எனவே விதியின் உயிர்நிலை உள்ளது அழியாது என்னும் பொதுக்கூற்றன்று. மூடிய கலமும், புகுந்ததும் போனதும் ஆகிய அனைத்தையும் நிறுத்தலும், பிழையின் அளவைக் கூறலுமாம். இவை மூன்றும் இல்வழி விதி இல்லை.

இனி, பண்டை நூலார் துலாக்கோலை அறவே கருதிலர் எனக் கூறுதலும் பொருந்தாது. ஈசுவர கிருட்டிணர் இயற்றிய சாங்கிய காரிகையின் ஒன்பதாம் காரிகைக்கு வாசற்பதி மிசிரர் வரைந்த உரையில் ஓரிடம் இவ்வாராய்ச்சிக்கு மிக இன்றியமையாதது. வாசற்பதியார் கி.பி. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளை யொட்டி வாழ்ந்தவர். நூலின் வேறாய் ஆடையென்னும் புதிய அவயவிப் பொருளொன்று தோன்றுகின்ற தென்பது தார்க்கிகர் கொள்கை. அங்ஙனமாயின் நூலின் நிறையோடு ஆடையின் நிறையும் சேர்ந்து துலாத்தட்டு மிகுதியாய்த் தாழ்தல் வேண்டும். ஒரு பல அணிகலத்தாற் றாழ்வதினும் இரண்டு பல அணிகலத்தாற் றட்டு மிகத் தாழ்வது கண்கூடன்றோ? நூலும் ஆடையும் அங்ஙனம் வேறுபடத் தாழ்த்தக் காணோம். ஆதலின் ஆடை நூலின் வேறன்று என்பது வாசற்பதியார் மறுப்பு. சற்காரியத்தை நிறுவத் துலாக்கோலைச் சான்று கூட்டிய இவ்விடம், சீலர் வழியினர் அனைவரும் போற்றத்தக்கது. அவருட் பலர் இதனை எடுத்தாளாது, குணங்களைப் பற்றிய ஐயத்திற்கிடமான பொருள்கோளையே எடுத்தாளுதல் வியப்பாகும்.

ஆயினும் இச்சான்று எதுகாறும் செல்லுமென்பது காண்க. நூல் ஆடையாதலில் வெளியேறுவதும் உட்புகுவதும் இல்லை. அஃது அடுக்கும் முறையில் வந்த மாற்றமே. விறகு சாம்பலாதலையோ கிளிஞ்சல் நீறாதலையோ வாசற்பதியார் தட்டிலிட்டிலர். இட்டிருப்பின் சற்காரியத்திற்குத் துணையாக வந்த துலாக்கோலே பகையாகத் தோன்றியிருக்கும். நூறு பலம் 56 பலமாய்க் குறைந்தமையின். அக்குறைவிற்கு விடைகூறக் காற்றிற்கும் நிறையுண்டென்று அறிதல் வேண்டும். நிறையைக் குணங்களுள் ஒன்றாகத் தனித்தெண்ணிய வைசேடிகரோ அதனை நிலத்திற்கும் நீர்க்குமே உரித்தாக்கி, காற்றிற்கு இலதென விலக்கினர். நுண்ணறிவிற் குறைந்தவ ரல்லர் அவர். காற்று நிறையுடைத்தென்பது நேர்க்காட்சிக்கு எட்டாதது. ஐரோப்பாவிலும் பதினேழாம் நூற்றாண்டில் டாரிசெல்லியின் பாதரசக் குழாய் வந்த பின்னரே அஃது ஐயமற நிறுவப்பட்டது. காற்றை நிறுவாதவர்க்கு நிறை மாறாமை ஓர் ஊகமாதல் கூடும், விதியாதல் கூடாது.

இனிச் சற்காரியத்திற்கு நூலுரைகளிற் பயின்றுவரும் எடுத்துக்காட்டுகளை ஒருங்குவைத்து நிறுத்துப் பார்த்தல் தகும். நூலும் ஆடையும், பாலும் தயிரும், மண்ணும் குடமும், எள்ளும் எண்ணெயும், வித்தும் மரமும் என்பன அவை. நூலும் ஆடையும் ஒத்த நிறையின. மூடிய கலத்துறையும் பால், தயிராயவிடத்தும் நிறை குறையாது; பாலின் இனிப்பு புளிப்பாய்த் திரிந்து உள்ளேயே நிற்கின்றது. மண் குடமாகுமிடத்தோ, ஈரம் உலர்ந்தபின் சூளையிலும் களிமண்ணோடு பிணைந்த நீர் நீங்குதலின் சுட்டகுடம் இலேசாகும். எள்ளினின்று எண்ணெய் வருகின்றது, மணலினின்று வருகின்றிலது என்று காட்டியவர் பிண்ணாக்கைப் பற்றிப் பேசிலர். செக்காட்டுவோன் அதனையும் நிறுத்தே விற்பான்.

எல்லாவற்றினும் மேலாக வித்தும் மரமும் நோக்கத்தக்கன. கடுகினுஞ் சிறிய ஆலம்வித்து நூறு விழுதூன்றிய மரமாகின்றது. அம்மரத்தின் நிறை வித்தில் இருந்ததோ? வான் ஹெல்மாண்ட் என்பார் 200 இராத்தல் உலர்ந்த மண்ணில் 5 இராத்தல் நிறையுள்ள செடியொன்றை நட்டு, நீர் ஒன்றே வார்த்து ஐந்தாண்டு வளர்த்தார். மரம் 169 இராத்தலாயிற்று. மண் குறைந்தது ஏறக்குறைய இரண்டு அவுன்சே. இச்சோதனை அவர் இறந்தபின் 1648இல் வெளிவந்த நூலிற் காணப்படும். மரம் முழுதும் நீரின் திரிபேயென அவர் முடிவுகட்டினார். வாயு வென்பதற்கு மேனாட்டு மொழிகளில் இன்று வழங்கும் பெயரைப் படைத்தவரே, தம் மரம் காற்றினின்று உண்டதைக் காணாது விட்டது விந்தை. மரத்தின் உலர்ந்த பொருளிற் பெரும்பகுதி காற்றிலுள்ள கரியமில வாயுவினின்றும் நீரினின்றும் வந்ததென்பது பின்னர் அறியப்பட்டது.

நிறையே கருத்தாயின், ஒத்த நிறையினவாகிய நூலாடையும், குறைந்த நிறையதாகிய குடமும், பன்மடங்கு மிக்க நிறையதாகிய மரமும் ஒரு கொள்கைக்கு ஒருங்கே எடுத்துக்காட்டாதல் எங்ஙனம் இயையும்? ஆசிரியர்கள் இவற்றைத் தயக்கமின்றி அடுத்தடுத்து வைத்தமையே அவர் கருதியது நிறையன்றென்பதற்குப் போதிய சான்றாம். ஆலம்வித்தினின்று ஆலே வருதலும் அரசு வாராமையும் அவர் காட்டக் கருதியன. காரணத்துள் காரியம் சத்தியாய் நிற்றலும், நிமித்தம் கூடியவழி வெளிப்படுதலும், வெளிப்பட்டது மீளக் காரணத்துள் ஒடுங்கலும் கொள்கையின் உடல். எத்துணை நிறை என்னும் வினா அதனுள் எழவே இல்லை. வாசற்பதியார் துலாக்கோலை எடுத்ததும், அவயவி வேறென்னும் எதிர்வாதியை மறுத்தற் பொருட்டன்றி, அளவுபற்றிய விதி செய்தற் பொருட்டன்று.

இவ்வேறுபாடு கொள்கைக்கு இழுக்காகாது. நிறைவிதி உருவத்தைப் பற்றி வாய் திறவாது. புகுந்த கரியும் உயிர்க்காற்றும் இத்துணையாயின் வெளிவருவதும் இத்துணையே யென்று மட்டும் கூறும். அது கரியாய்ப் போமா, சருக்கரையாய் நிற்குமா என்பதை அவ்விதி ஒன்றே கொண்டு கூறலாகாது. சற்காரியமோ அதனையே பேசுகின்றது. இரண்டும் இருவேறு வினாவிற்கு விடைகள்.

சீலருடைய குணப்பொருள்கோளுக்கு வருவோர்க்கு முதற்றடை காரிகையிலேயே உண்டு. தமசு கனமுடையது என்று கூறிய நூல், சத்துவம் இலேசானது என்றுங் கூறிற்று. இலேசும் கனமும் இரு குணங்களின் தனித்தனித் தன்மைகளாக வைக்கப்பட்டன. விஞ்ஞானிகள் கூறும் நிறையோ ஒன்றே; இலேசென்பது அதன் குறைவேயன்றி வேறொரு பொருளன்று. நெருப்பு மேனோக்கி எழுதற்கும் புகை உயர்தற்கும் இலேசென்னும் தனித்தன்மை காரணமெனக் கொண்ட ஒரு நூலில் நிறைவிதியைத் தேடுதல் வீண்முயற்சி. அன்றியும், முக்குணங்களும் ஒன்றையொன்று பிரியாது நின்று ஒன்றையொன்று அடக்கியும் தாங்கியும் தொழிற்படுவனவேனும், ஒன்று மற்றொன்றாய் மாறுவனவல்ல. இரசசு தமசாய்த் திரியின் குணம் மூன்றென்னும் எண்ணே நில்லாது. இங்குத்தான் கல்பாக்கம் சீலர் கூற்றிற்கு நேரே எதிர்நிற்கின்றது.

சென்னை அணுமின் நிலையத்தின் முதற்பிரிவு 1984இலும் இரண்டாம் பிரிவு 1986இலும் வணிகமுறையில் மின்வழங்கத் தொடங்கின. யுரேனிய அணுவொன்று நியூட்ரான் தாக்கிப் பிளவுறுமிடத்து, வெளிப்படும் துண்டங்களையும் நியூட்ரான்களையும் கூட்டி நிறுத்தால், முன்னிருந்த நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறிது குறைவான அளவு காணப்படுவதில்லை. அவ்வளவும் ஆற்றலாய் வெளிப்பட்டது. நிறையும் ஆற்றலும் ஒன்றற்கொன்று ஈடென ஐன்ஸ்டீன் 1905இற் கூறியதன் வழி, ஒரு கிராம் நிறைக்கு ஈடான ஆற்றல் ஏறத்தாழ இரண்டரைக் கோடி யூனிட் மின்சாரத்திற்குச் சமம். 220 மெகாவாட் அளவினதாகிய ஒரு பிரிவு முழுநாளும் இயங்கின் அதன் உலையிற் பிறக்கும் வெப்பத்திற்கு ஈடான நிறை ஏறத்தாழ முக்காற் கிராம். சீலர் வழியே தமசு நிறையும் இரசசு ஆற்றலுமாயின், தமசு நாடோறும் இரசசாய்த் திரிகின்ற தென்றல்லவோ முடியும்? சாங்கியர் அதற்கு உடன்படார். நட்பாகக் கூறிய ஒப்புமை சாங்கியத்தையே அழிக்கும் படையாயிற்று. சீலருடைய கட்டுரை வெளிவந்தபொழுது ஐன்ஸ்டீன் கூற்றுப் பிறந்து நான்காண்டே ஆயிற்று. அதனை அவர் கொள்ளாமை குறையன்று. 1945இற்குப் பின்னரும் அவ்வொப்புமையை மாற்றாது ஒப்பித்து வருதலே குறை.

அற்றேல், கல்பாக்கம் சற்காரியத்தை மறுத்ததோ வெனின், அதுவும் இன்று. நிறை ஒழிந்து சூனியமாயிற் றென்பார் கிளிஞ்சற் காளவாயின் முன் நின்று 44 பலம் மாய்ந்த தென்பாரையே ஒப்பர். அன்று மூடாது விட்டது காற்றை. இன்று மூடாது விடுவது வெப்பத்தை. உலையின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மின்சாரமாய்க் கம்பி வழிச் செல்கின்றது. பெரும்பகுதி குளிர்விக்கும் கடல்நீரோடு வங்கக்கடலிற் கலக்கின்றது. வெப்பமேறிய நீர் அவ்வெப்பத்திற்கு ஈடான நிறையும் ஏறப்பெற்றதே. எத்துலாக்கோலும் காட்டமாட்டாத அளவிற்றாயினும். உலையும் கடலும் கம்பியும் அடங்க ஒரு கலத்தை மூடி நிறுத்தல் கூடுமாயின் நிறை மாறியிராது. விதி விரிந்ததேயன்றி முறிந்ததில்லை.

இன்னும் ஒன்று. இரசாயன மாறுதலில் நிறை சிறிதும் மாறாதென்பதும், அணுமாறுதலில் மட்டும் மாறுமென்பதும் பள்ளிநூல்களில் எளிமைக்காகக் கூறப்படுவன. 12 கிராம் கரி 32 கிராம் உயிர்க்காற்றோடு எரிந்து வெப்பத்தை வெளிவிட்டபின் எஞ்சும் வாயுவும் 44 கிராமினும் குறைந்ததே. அக்குறை ஒரு கிராமை நூறு கோடி கூறிட்டவற்றுள் நாலு கூறினும் சிறிது மிகுதி. கல்பாக்கத்து ஒருநாள் வெப்பத்தைக் கரியை எரித்தே பெறினும் நிறைக்குறை அதே முக்காற் கிராம்தான்; அது பல்லாயிரம் டன் கரியிலும் காற்றிலும் பரந்து கிடத்தலின் புலப்படாது. லாண்டோல்ட்டின் துலாக்கோல் காணாததும் இதுவே. அவர் பொய் கூறிலர். தம் பிழையெல்லையைக் கூறியே முடித்தார். எல்லை கூறி முடித்தமையால் அவர் முடிபு இன்றும் நிற்கின்றது. எல்லை கூறாத ஒப்புமைக்கு அவ்வாய்ப்பு இல்லை.

பொருள் ஆக்கப்படுவதுமில்லை, அழிக்கப்படுவதுமில்லை, ஆகலின் முதல்வன் வேண்டா என்பாருடைய வாதமும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. சூனியத்தினின்று உலகைப் படைத்தான் ஒருவன் என்பார்மேல் அவ்வாதம் செல்லுமோ செல்லாதோ, சித்தாந்தத்தின்மேற் செல்லாது. சித்தாந்தத்தில் மாயை முதற்காரணமாய் அநாதியே உள்ளது. பிரகிருதியும் அதன் காரியமே. மண் குயவனாற் செய்யப்படாமை குயவன் இலனென்பதற்கு ஏதுவாகாமைபோல, முதற்காரணம் அழியாமை நிமித்தகாரணம் இன்மைக்கு ஏதுவாகாது. ஆனால் இதே நியாயத்தால், நிறைவிதியைக் காட்டி முதல்வனை நிறுவப் புகுவாரும் தோற்பர். தட்டிலிட்ட மண்ணின் நிறை குயவன் உளனென்றும் சொல்லாது, இலனென்றும் சொல்லாது. சிவஞானபோதத்தின் முதற்சூத்திரம் உலகம் தோன்றி நின்று ஒடுங்கும் முத்தொழிற்படுதலையே ஏதுவாகக் கொண்டதன்றி, அதன் நிறையைக் கொண்டதில்லை.

காஞ்சியில் நெடுங்காலம் வைகிச் சிவஞானபோதத்திற்குப் பேருரை கண்ட மாதவச் சிவஞான யோகிகள் பரிபூரணமெய்திய ஆண்டு 1785. இலவாசியர் நூல் பாரிசில் வெளிவந்தது அதற்கு நான்காண்டு பின்னர். ஒருவரை ஒருவர் கேட்டறிந்திலர். ஒருவர் வினாவை மற்றவர் வினவியதுமில்லை. யோகிகள் மரபில் நிலத்தின் தொழில் கடினமாய்த் தரித்தலென்றும், நீரின் தொழில் நெகிழ்ந்து பதஞ்செய்தலென்றும், காற்றின் தொழில் சலித்துத் திரட்டலென்றும் கூறப்படும். நிறை அவ்வடைவில் ஓரிடத்தும் வைக்கப்படவில்லை. பூதங்களின் தன்மை கூறும் ஆகமப் பகுதிகளையும் அவற்றின் தமிழுரைகளையும் நிறை, கனம், திண்மை என்னும் சொற்களின் ஆட்சி நோக்கி முறையே தொகுத்தார் இதுகாறும் இலர் போலும். அத்தொகுப்பு வருமுன் நிறைவிதியைச் சித்தாந்த நூல்களின் அடிக்குறிப்பில் ஏற்றுதலை உரையெழுதுவார் நிறுத்திவைத்தல் நன்று.